பிணம் சிரிக்க வேண்டிய காட்சி

மலேசியத் தமிழ்க் கலையுலகின் வரலாற்றை இரண்டு காலங்களாகப் பிரிக்கலாம்: மாசாய் செல்லப்பன் தொலைக்காட்சியில் தோன்றுவதற்கு முன், தோன்றியதற்குப் பின். இப்படிப் பிரித்தவர் செல்லப்பன்தான். வேறு யாரும் பிரித்ததாகத் தகவல் இல்லை.

தோன்றியது மொத்தம் பதின்மூன்று வாரம். 1994-ல், வியாழன் மாலைகளில், விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிடம். நாடகத்தின் பெயர் 'எமகண்டக் குடும்பம்'. எதையும் எமகண்டத்தில்தான் தொடங்குவது என்று கொள்கை வைத்திருந்த ஒரு குடும்பத்தின் கதை அது. பிள்ளை பரீட்சையில் தேறிவிட்டால் வீட்டில் ஒப்பாரி. தவறிவிட்டால் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேசரி. பெண் பார்க்க வந்தவர்களைச் சவப்பெட்டியின் மேல் உட்காரவைத்து உபசரிப்பார்கள். விருந்தாளியை "நாசமாப் போயிட்டு வாங்க" என்று வாசல்வரை வந்து வாஞ்சையாக வழியனுப்புவார்கள்.

குடும்பத் தலைவர் ஏகாம்பரமாக வந்தவர் செல்லப்பன். ஒவ்வொரு வாரமும் கடைசிக் காட்சியில் கறுப்புக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நேராகக் கேமராவைப் பார்த்து, "நல்ல நேரம் முடிஞ்சு போச்சு. இனிமே நாம சந்தோஷமா இருக்கலாம்" என்பார். பிறகு திரும்பி, கதவை நோக்கி எண்ணிப் பத்து அடி நடப்பார். திரும்பிப் பார்க்க மாட்டார். அவ்வளவுதான். ஆனால் அந்த வருஷம் மாசாயில் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அதைத்தான் சொல்லிக்கொண்டு ஓடினார்கள். தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்தால் அதைத்தான் சொன்னார்கள்.

முப்பது வருஷம் கழித்து அதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் ஒருவர் மட்டுமே மிச்சம். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற செல்லப்பன், கல்யாண மேடையில் அதைச் சொன்னார். தன் பிரிவுபசார விருந்தில் சொன்னார். ஒருமுறை கருமாதி வீட்டில் மைக் கைக்கு வந்தபோது சொல்லிவிட்டு, இறந்தவரின் மைத்துனரிடமிருந்து நாலு பேர் சேர்ந்து அவரைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே, 'எமகண்டக் குடும்பம்' சினிமாவாக வரப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்று செல்லப்பன் அலமாரியைத் திறந்து அந்தக் கறுப்புக் கோட்டை வெளியே எடுத்து வெயிலில் போட்டார். அவர் மனைவி யோகேஸ்வரி துணி காயப்போட வந்தவள் அதைப் பார்த்தாள்.

"இன்னும் அவங்க போனே பண்ணல."

"பண்ணுவாங்க."

"கோட்டு பத்துமா மொதல்ல?"

கலைஞனின் உடம்பு பாத்திரத்துக்கு ஏற்ப வளையும் என்பது அவர் கொள்கை. அன்று மதியம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தார். கைகள் நுழைந்தன. பொத்தானுக்கும் பொத்தான் துளைக்கும் நடுவே ஒரு சாண் செல்லப்பன் இருந்தார்.

*

பிரவீனா வந்தாள். இயக்குநர். முப்பது வயதுகூட இருக்காது. குட்டை முடி, காலில் சப்பாத்து. வாசலில் கழற்றச் சொல்வதற்கு முன்னாலேயே கழற்றினாள். அதில் செல்லப்பனுக்குக் கொஞ்சம் மதிப்பு வந்தது. வீட்டில் பதிவுசெய்து வைத்திருந்த வீடியோ கேசட்டில் நாடகத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்ததாகவும், அங்கிள் நடிப்புக்கு அவள் அம்மா பெரிய ரசிகை என்றும் சொன்னாள். செல்லப்பன் கண்ணை மூடித் தலையாட்டினார். அடுத்து வரப்போவது அவருக்குத் தெரியும்.

"உங்களுக்கு முக்கியமான கேரக்டர் வெச்சிருக்கேன் அங்கிள். ஏகாம்பரம்தான்."

"ம்."

"கதையே ஏகாம்பரம் செத்துப் போறதுலதான் ஆரம்பிக்குது."

"கடைசியில சாவு. நல்ல முடிவு."

"இல்ல அங்கிள், ஆரம்பத்துல. முதல் சீன்லயே செத்துருப்பாரு. படம் பூரா அவர் உடம்ப நடு ஹால்ல வெச்சிருப்பாங்க. குடும்பத்துக்கு ஒரே சந்தோஷம், பார்ட்டி வைக்கிறாங்க. சொந்தக்காரங்க வந்து சாதாரணமா அழ ஆரம்பிச்சிடறாங்க. இவங்களால தாங்க முடியல. அதான் கதை."

அடுப்படியில் யோகேஸ்வரியின் கரண்டி நின்றது.

"அப்போ நான்?"

"நடு ஹால்ல, அங்கிள்."

செல்லப்பன் தண்ணீர் குடித்தார். கடைசியில், தனக்கே கேட்காத குரலில், அந்த ஒரு விஷயத்தைக் கேட்டார். வசனம் யாருக்கு?

பிரவீனா தரையைப் பார்த்தாள். வசனம் ரூபேந்திரனுக்கு. ஏகாம்பரத்தின் மகனாக வருகிறவன். ரேடியோவில் இருக்கிறான், கைப்பேசியில் அவனை நாலு லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள். அப்பாவின் வசனத்தை மகன் எடுத்துக்கொள்கிறான் என்பதுதான் படத்தின் முடிவே.

"அது என் வசனம்மா" என்றார் செல்லப்பன். இப்படிச் சாதாரணமாக அவர் பேசி யோகேஸ்வரி கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அவள் எட்டிப் பார்த்தாள்.

"தெரியும் அங்கிள். ஆனா செத்தவரு பேச முடியாதுல்ல."

"இந்தக் குடும்பத்துல ஏன் முடியாது?"

அது நல்ல கேள்விதான். ஆனால் பிரவீனாவிடம் வரவு செலவுத் திட்டம் மட்டும் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கோயில் கமிட்டிக் கூட்டத்தில் செல்லப்பன் செய்தியை அறிவித்தார். பொய் ஒன்றும் சொல்லவில்லை. "கதை முழுக்க என்னைச் சுத்தித்தான் நடக்குது" என்றார். "நான் இல்லாத காட்சியே கெடையாது. மத்தவங்க வருவாங்க, போவாங்க. நான் மட்டும் அசையாம நிப்பேன்" என்றார். நிற்பேன் என்ற சொல் ஒன்றுதான் கொஞ்சம் இடித்தது. கமிட்டிச் செயலாளர் ஐயாசாமி நெகிழ்ந்துபோனார்.

"அண்ணே, அந்த வசனம் வருதுல்ல?"

"வராம எங்க போகும்."

"அப்போ நான் ரெண்டு பஸ் புக் பண்றேன் அண்ணே. மொத ஷோ. நம்ம தாமான்ல இருக்கிற அத்தனை வீடும் வரும்."

செல்லப்பன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கையை மட்டும் உயர்த்தினார், ஆசீர்வாதம் மாதிரி.

*

படப்பிடிப்பு ரெங்கம் ஊருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்த ஒரு பழைய துரை பங்களாவில். பூசை பத்து மணிக்கு. கேமரா ஏற்றிவந்த வேன் வழியில் டயர் வெடித்து நின்று பத்து நாற்பதுக்கு வந்து சேர்ந்தது. ஒளிப்பதிவாளர் காலண்டரைப் பார்த்தார். திங்கட்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு எமகண்டம்.

எமகண்டத்தில் மட்டுமே வாழும் குடும்பத்தைப் பற்றிப் படம் எடுக்க வந்த நாற்பது பேரும் எமகண்டம் முடியட்டும் என்று மர நிழலில் உட்கார்ந்தார்கள். ஒருவருக்கும் அதில் வினோதமாக எதுவும் படவில்லை. சிக்கந்தர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உலாத்தினார். அவர்தான் தயாரிப்பாளர். தங்காக்கில் ஒன்றும் மாசாயில் ஒன்றுமாக இரண்டு சாப்பாட்டுக் கடை. இழவு வீட்டு விருந்துக் காட்சியில் தன் கடைப் பிரியாணிச் சட்டி தெரிய வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

"பாய், இழவு வீட்ல பிரியாணியா?" என்றார் செல்லப்பன்.

"தலைகீழ்க் குடும்பம்தானே அண்ணே. இவங்க எப்படிக் கத்திரிக்கா சாப்டுவாங்க." சிக்கந்தர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு இந்த எமகண்டம்லாம் நம்பிக்கை இல்ல. ஆனா நம்பிக்கை இருக்கறவங்களுக்கும் மணிக்கணக்குல சம்பளம் போகுதே."

பன்னிரண்டு அடித்ததும் சூடம் காட்டினார்கள். செல்லப்பன் தோளில் கோட்டுப் பையோடு உள்ளே போனார்.

உடுத்திவிட ஒரு நிபுணரை வரவழைத்திருந்தாள் பிரவீனா. சின்னத்தம்பி. குளுவாங்கில் ஈமச்சடங்குக் கடை வைத்திருப்பவர். சவப்பெட்டி அவருடையது, மெத்தை அவருடையது, நாற்பது வருஷ அனுபவமும் அவருடையது. கோட்டை விரித்துப் பார்த்தார். பிறகு செல்லப்பனை விரிவாகப் பார்த்தார்.

"இது... முன்ன போட்டதுங்களா?"

"முப்பது வருஷம் முன்ன. இந்தக் கோட்டு இல்லாம ஏகாம்பரம் இல்ல. வேற எதையும் போட மாட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் இறுக்கமா இருக்கும்."

"அதுக்கு என்னங்க. என்கிட்ட வந்தா எல்லாருக்கும் ஃபிட் ஆவும். இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்லை."

இது உண்மைதான். யாரும் சொன்னதில்லை.

செல்லப்பன் ஒரு வேண்டுகோள் வைத்தார். தான் பாத்திரத்துக்குள் இறங்கிவிட்டால் வெளியே வர நேரமாகும். ஆகவே உடுத்துவதிலிருந்தே பிணமாகத்தான் இருப்பார். யாரும் தன்னோடு பேசக்கூடாது, தானும் கண் திறக்க மாட்டார். சின்னத்தம்பிக்கு இதைவிட வசதியான வேண்டுகோள் வேறு இருக்க முடியாது. அவர் தொழிலே அப்படித்தான். செல்லப்பன் படுத்தார், கண்ணை மூடினார், கையைத் தொங்கவிட்டார். எங்கோ கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. முன்பக்கமாகக் கோட்டு வந்து இரண்டு கையிலும் ஏறியது. கால்சட்டையும் அவ்வாறே வந்தது. கழுத்துக்கு ஒரு நாடா, இடுப்புக்கு ஒன்று, கணுக்காலுக்கு இரண்டு. நெஞ்சின்மேல் சின்னத்தம்பியின் விரல்கள் நகர்ந்தன. ஒரு பொத்தான். இரண்டு பொத்தான். மூன்றாவதும்.

மூடிய கண்ணுக்குள் செல்லப்பனுக்கு நீர் கட்டியது. கோட்டு பத்திவிட்டது.

மூன்று நாள் அவர் நடு ஹாலில் கிடந்தார். உண்மையிலேயே நன்றாகக் கிடந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். மூக்கில் ஈ உட்கார்ந்தும் அசையவில்லை. ரூபேந்திரன் ஒருமுறை பிரியாணித் தட்டை அவர் வயிற்றின்மேல் வைத்துச் சாப்பிட்டான், திரைக்கதையில் இருந்தது. அதற்கும் அசையவில்லை. ஒரே ஒரு தடவை, அதே ரூபேந்திரன் கேமராவைப் பார்த்து, "நல்ல நேரம் முடிஞ்சு போச்சு. இனிமே நாம சந்தோஷமா இருக்கலாம்" என்று ரேடியோவில் பாட்டுப் போடுகிற குரலில் சொன்னபோது, பிணத்தின் தாடை இறுகியது. எட்டு முறை எடுத்தார்கள். எட்டு முறையும் இறுகியது.

இடைவேளைகளில்கூட எழுந்திருக்காமல் பெட்டிக்குள்ளேயே போனில் ஐயாசாமிக்குத் தன் அனுபவத்தை விவரித்தார். "ஐயாசாமி, படுத்த கொஞ்ச நேரத்துல முதுகுல ஒரு குளிர்ச்சி ஏறுது பாரு. கழுத்துலேர்ந்து கால் வரைக்கும். கோட்டையும் மீறி. அதான் மரணத்தோட குளிர்ச்சி. எல்லா நடிகனுக்கும் அது கெடைக்காது."

"கேக்கவே ஒடம்பு சிலிர்க்குது அண்ணே" என்றார் ஐயாசாமி.

சாயந்தரம் உடையைக் கழற்றுவதும் சின்னத்தம்பிதான். பொருள் தன் பொறுப்பு என்று மடித்து எடுத்துப்போய்விடுவார். வீட்டுக்கு வந்த செல்லப்பன் யோகேஸ்வரியிடம் ஒன்று மட்டும் சொன்னார், அதையும் மூன்று நாளும் சொன்னார்: "முப்பது வருஷம். அதே கோட்டு. மூணு பொத்தானும் போட்டாச்சு."

"எப்படி?"

"கட்டுப்பாடு."

யோகேஸ்வரி அவர் இரண்டாவது தட்டுச் சோறு போட்டுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

மூன்றாம் நாள் மழை வரும்போல் இருந்ததால் படப்பிடிப்பை மதியத்தோடு முடித்துச் செல்லப்பனை வேனில் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக் கேட்டைத் திறக்கப் போனவரை யோகேஸ்வரி உள்ளிருந்தே நிறுத்தினாள்.

"சிரிச்சீங்களா?"

"என்னது?"

"பொணமா நடிச்சா, முடிச்சிட்டுக் கேமராவப் பார்த்துச் சிரிக்கணும். அதையும் படம் புடிக்கணும். அப்புறம் பூசணிக்கா உடைக்கணும். சினிமாக்காரங்க எல்லாரும் செய்வாங்க. கடைசியா எடுத்த படம் பொணமா இருக்கக்கூடாது. சிரிச்சீங்களா இல்லியா?"

செல்லப்பன் கம்பீரமாக மறுத்தார். மூன்று நாள் கட்டிக்காத்த மரணத்தை ஒரு பல்லிளிப்பில் கலைப்பதா? கலைக்கு ஒரு மரியாதை இல்லையா?

யோகேஸ்வரி கேட்டைப் பூட்டினாள். உள்ளே போய்க் கார்ச் சாவியோடு வந்தாள். பிரவீனாவுக்குப் போன் போட்டாள். பிரவீனா படித்த திரைப்படக் கல்லூரியில் இந்தப் பாடம் இல்லை. ஆனால் பக்கத்தில் நின்ற ஒளிப்பதிவாளர் தலையில் கை வைத்துக்கொள்வது போனிலேயே கேட்டது.

"அலாமாக், மறந்தே போச்சே. வரச் சொல்லும்மா. ஒடனே வரச் சொல்லு."

"ஏறுங்க" என்றாள் யோகேஸ்வரி.

ரெங்கத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். வழியில் செல்லப்பன் முதலில் கோபமாக வந்தார், பிறகு மௌனமாக, கூலாய் தாண்டியதும் யோசனையாக. கேமரா இருக்கும். அது ஓடும். தான் அதன் முன்னால் இருப்பார், கோட்டோடு, உயிரோடு. இந்த மூன்று நாளில் கிடைக்காதது. சிரிப்பதற்கு என்று கொடுக்கும் அரை நிமிடத்தில் வேறு எதையாவது சொன்னால் யார் வாயை மூட முடியும்?

அவர் உதடு அசைவதை யோகேஸ்வரி ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"சிரிச்சுப் பழகுறீங்களா?"

"ம்."

பங்களாவில் பாதிச் சாமான் ஏற்றியாகிவிட்டது. பெட்டியை மறுபடி நடு ஹாலில் வைத்தார்கள். அதே உடுப்பில்தான் சிரிக்க வேண்டும் என்று ஒளிப்பதிவாளர் சொல்லிவிட்டார். சின்னத்தம்பி வேனிலிருந்து கோட்டைக் கொண்டுவந்தார். செல்லப்பன் அறைக்குள் போய்ப் படுத்தார், கண்ணை மூடினார், பழக்கமாகிவிட்டது. நாடாக்கள். பொத்தான்கள், மூன்று. நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டியில் கிடத்தினார்கள். கண் திறக்காமலே கேட்டார்: "ஓடுதா?"

"ஓடுது அங்கிள். சும்மா உக்காந்து ரெண்டு செகண்ட் சிரிங்க. போதும்."

செல்லப்பன் கண்ணைத் திறந்தார். எழுந்து உட்கார்ந்தார். எதிரே கேமரா, அதன் பின்னால் பிரவீனா, சுவரோரம் ரூபேந்திரன், கதவோரம் பூசணிக்காயோடு சிக்கந்தர். தள்ளி யோகேஸ்வரி, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி.

அவர் சிரிக்கவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்து ஒரு காலை வெளியே வைத்தார், அடுத்ததையும். பலகை கிறீச்சிட்டது, விழவில்லை. கோட்டின் முன்பக்கத்தை இழுத்துவிட்டு, பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, நேராகக் கேமராவைப் பார்த்தார். முப்பது வருஷமாகக் கல்யாணத்திலும் கருமாதியிலும் யாரும் கேட்காமலே சொல்லிவந்ததை, முதல்முறையாகக் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"நல்ல நேரம் முடிஞ்சு போச்சு. இனிமே... நாம சந்தோஷமா இருக்கலாம்."

சிக்கந்தரின் கையில் பூசணிக்காய் அப்படியே நின்றது. ரூபேந்திரன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வசனத்தை இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

பிறகு செல்லப்பன் திரும்பினார். பின்கதவை நோக்கி, எண்ணிப் பத்து அடி. அவசரப்படவில்லை. பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. நாலாவது அடியில் ஒரு விம்மல். ஏழாவதில் இன்னொன்று, அதை யாரோ கையால் பொத்தினார்கள். கதவருகே வந்து நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. கதவின் கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்தது போதும்: பிரவீனா கேமராவுக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரூபேந்திரன் சுவரில் முகம் புதைத்துத் தோள் குலுங்க நின்றான். சிக்கந்தர் பூசணிக்காயை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சின்னத்தம்பி மட்டும் சாதாரணமாக நின்றார். அவர் பார்க்காததா.

அழ வைத்துவிட்டேன், என்று செல்லப்பன் நினைத்தார். நாலு லட்சம் பேர் வைத்திருப்பவனையே அழ வைத்துவிட்டேன்.

சின்னத்தம்பி ஓடிவந்து ஒரு துண்டைத் தோளிலிருந்து தொங்கப் போட்டு அறைக்கு அழைத்துப் போனார். பொன்னாடை என்று செல்லப்பன் எடுத்துக்கொண்டார்.

காரில் ஏறியதும் கேட்டார், "எப்படி?"

யோகேஸ்வரி சாலையைப் பார்த்தே ஓட்டினாள். அவள் உதடு மடிந்திருந்தது.

"சிரிப்பு வந்துச்சு. பூசணிக்கா உடைச்சாச்சு. அது போதும்."

"நான் சிரிக்கவே இல்லியே."

"பரவால்ல" என்றாள்.

*

நாலு மாதம் கழித்துப் பிரவீனாவின் போன் வந்தது. கடைசிக் காட்சியை மாற்றிவிட்டார்களாம். ரூபேந்திரன் சொன்னதைத் தூக்கியாகிவிட்டது. ரூபேந்திரனே தூக்கச் சொன்னானாம். ஏகாம்பரம் பெட்டியிலிருந்து எழுந்து, தானே வசனத்தைச் சொல்லிவிட்டு நடந்து போவதுதான் இப்போது முடிவு.

"முழுசாவா?" என்றார் செல்லப்பன்.

"முழுசா, அங்கிள். பத்து அடியும் இருக்கு. ஆனா அதுல ஒரு விஷயம் உங்ககிட்ட கேக்கணும். அந்த நடந்து போற ஷாட்ல..."

"வெட்டாதே."

"வெட்டல அங்கிள். வெட்டட்டுமானுதான் கேக்கறேன். கொஞ்சம் உங்களுக்கு..."

"ஒரு இஞ்ச் வெட்டக்கூடாது. அந்த நடைதான் ஏகாம்பரம். எடுத்தது எடுத்தபடி போடு. என் அனுமதி உனக்கு உண்டு. எழுத்துல வேணும்னாலும் தரேன்."

எழுத்தில் வேண்டும் என்றாள் பிரவீனா. நல்ல காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். சந்தேகத்துக்கு அவள் யோகேஸ்வரியையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"போடும்மா" என்றாள் யோகேஸ்வரி. "முப்பது வருஷமாக் கேட்டுட்டேன். ஊரும் ஒரு தடவை நல்லாச் சிரிச்சிட்டுப் போகட்டும்."

ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் மூன்றாம் மாடியில் முதல் காட்சி. மாசாயிலிருந்து இரண்டு பஸ் வந்தது. இடம் போதாமல் பதினாறு மோட்டார் சைக்கிளும் வந்தன. ஐயாசாமி சாமந்தி மாலை போட்டார். பாப்கார்ன் விற்கிற இடத்தில் நின்றபடியே சின்னதாக உரையாற்றினார். முப்பதாண்டுகளாகத் தன்னை நெருப்பில் புடம் போட்டுக்கொண்ட மாபெரும் கலைஞன், மரணத்தின் குளிர்ச்சியை முதுகில் தாங்கியவன், அதே உடல், அதே கோட்டு. கைதட்டினார்கள். செல்லப்பன் மாலையோடே நடு வரிசையில் உட்கார்ந்தார். முன்னால் கோயில் கமிட்டி, பின்னால் தாமான் மகளிர் பிரிவு.

படம் நன்றாகத்தான் இருந்தது. ஒன்றரை மணி நேரம் செல்லப்பன் கிடந்தார். மாலைகள் மேலே மேலே விழுந்ததில் பாதிப் படம் வரை மூக்கு மட்டும் தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை. பிரியாணிச் சட்டி தெளிவாகத் தெரிந்தது. ஐயாசாமி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். "இரு" என்று செல்லப்பன் கை காட்டினார்.

கடைசியில் சொந்தக்காரர்கள் எல்லாரும் போய்விட, ஹால் வெறிச்சோடியது. பெட்டியிலிருந்து ஒரு கை எழுந்தது. ஏகாம்பரம் எழுந்து நின்று பொத்தானைத் தொட்டார். திரையரங்கில் ஒரு சத்தமும் இல்லை. அவர் வாயைத் திறந்தபோது, முன்வரிசையில் யாரோ கூடவே சொன்னார்கள். அப்புறம் இன்னொருவர். நரைத்த தலைகள், அன்று பள்ளிக்கூடம் விட்டு ஓடிய பிள்ளைகள், அரங்கமே அடிக்குரலில் அந்த இரண்டு வரியையும் சேர்ந்து சொன்னது. யாருமே மறந்திருக்கவில்லை.

செல்லப்பனின் கை பக்கத்து இருக்கையில் யோகேஸ்வரியின் கையைத் தேடிப் பிடித்தது. அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். வேண்டியதைவிடக் கொஞ்சம் இறுக்கமாக.

திரையில் ஏகாம்பரம் திரும்பினார்.

மகளிர் பிரிவிலிருந்துதான் முதல் சத்தம் வந்தது. இரண்டாவது அடிக்குள் அரங்கம் இடிந்தது. ஐயாசாமி முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பிரவீனா அந்தக் காட்சியைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. பத்து அடியும் இருந்தது. கதவருகே நின்று திரும்பிப் பார்க்காமல் இருந்ததும் இருந்தது, நீளமாக.

"அன்னிக்கே பார்த்தியா?" என்றார் செல்லப்பன்.

"பார்த்தேன்."

"சொல்லக்கூடாதா?"

"சொன்னா மறுபடி எடுக்கச் சொல்லுவீங்க."

கோட்டுக்கும் கால்சட்டைக்கும் பின்பக்கம் கிடையாது. உள்ளே போட்டிருந்தது யோகேஸ்வரி பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் வாங்கிவந்தது. அதில் மஞ்சள் வாத்துப் படம் போட்டிருந்தது.